இன்னொரு கன்னத்துக்கும் ஒரு குழி

— அப்புறம் என்ன பண்ணீங்க?

— அப்புறம் என்ன, இந்தப் பக்கமும் அதே மாதிரி ஒண்ணு போட்டுட்டேன்.

— எந்தப் பக்கம்?

— இதோ, நட்டுக்கு இந்தப் பக்கம். எதிர்ல ஒரு சின்னக் குழி இருந்துச்சில்ல? ஒரு கன்னத்துல மட்டும் குழி விழுந்த மாதிரி. பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் இந்தக் கன்னத்துலயும் ஒண்ணு போட்டு விட்டேன். இப்பப் பாரு, ரெண்டும் அச்சு அசல். எது பழசு, எது புதுசுன்னு சொல்லு பாப்போம்.

— ஏங்க.

— ம்.

— நான் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்.

— உக்காரு, உக்காரு. அந்த ஸ்டூல் வேண்டாம், பாலிஷ் மெழுகு ஒட்டியிருக்கு. ஏன், முகம் இப்படிப் போகுது? நல்லாயில்லையா?

— நான் உங்ககிட்ட பாலிஷ் போட என்ன குடுத்தேன்?

— டர்போவோட மேல்கூடு.

— கூடு மட்டும்தானே?

— கூடு மட்டும்தான். முடிச்சிட்டேன். எமரி பேப்பர்ல மொரடுல ஆரம்பிச்சு நைசு வரைக்கும் தேய்ச்சு, பஃப் சக்கரத்துல குடுத்து, மெழுகு போட்டு, அந்தா, துணிக்கு அடியில இருக்கு. கண்ணாடி தோத்துடும். காலைல அதுல பாத்துத்தான் தலை சீவினேன்.

— கூடு முடிஞ்சிடுச்சு, வீடு போய்ச் சேரலாமில்ல? என் மேஜையில, மண்ணெண்ணெய்த் தட்டுல, நான் ஊற வெச்சிருந்த வீலை யாரு எடுக்கச் சொன்னது?

— யாரும் சொல்லல. நீ கேஸ்கெட் வாங்கப் போயிருந்தே. நான் சும்மா எட்டிப் பாத்தேன். பாத்தா, பூ மாதிரி ரெக்கையெல்லாம் விரிச்சுக்கிட்டு, அவ்வளவு அழகா ஒரு வீலு. அதுல போய் ஒரு பக்கம் மட்டும் குழி. என் கை சும்மா இருக்குமா? நீ சொல்லு, ஊர்ல பாதிக் குழாயும், பரிசுக் கோப்பையும், பேண்டு வாத்தியக்காரங்க ஊதற கொம்பும் பளபளன்னு இருக்குன்னா யாரால?

— உங்களாலதான். ஒத்துக்கறேன். ஆனா கொம்புக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குங்க. கொம்பு சுத்தாது.

— ஆரம்பிச்சிட்டியா.

— டர்போன்னா என்னன்னு கல்யாணமான புதுசுல உங்களுக்கு ஒருநாள் பூராச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? அன்னிக்கு வேற எதுவும் பேசலையே நீ. எஞ்சின் விடற புகை ஒரு வீலச் சுத்தும். அதே ஷாஃப்ட்டோட மறுமுனையில இன்னொரு வீலு இருக்கும். அது காத்த அள்ளி அள்ளி எஞ்சினுக்குள்ள திணிக்கும். வண்டி பறக்கும். சரியா?

— சரி. எவ்வளவு வேகமாச் சுத்தும்?

— நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல. எனக்கு அப்பவே தலை சுத்திடுச்சு.

— லட்சம் தடவை சுத்தற பொருள்ல ஒரு பக்கம் ஒரு முடி கனம் கூடினா என்ன ஆகும்?

— கொஞ்சம் ஆடும்.

— ஆடாது, ஊளையிடும். அப்புறம் பேரிங் போகும். அப்புறம் நீங்க தலை சீவின கூட்டுல போய் வீலு உரசும். ரெக்கை பிஞ்சு எஞ்சினுக்குள்ள போகும். நாளைக்குக் கார் கிளப்பு ஓட்டத்துல எல்லார் முன்னாடியும் இந்த வண்டிக்காரர், நம்ம பல் டாக்டர், போவாரு, பின்னாடியே புகையும் போகும்.

— அதுக்குத்தானே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆக்கினேன்? தராசுன்னா ரெண்டு தட்டும் சமமா இருக்க வேண்டாமா?

— அந்தக் குழியே தராசுக்காகப் போட்டதுங்க.

— எது?

— அந்தப் பக்கம் துளி கனம் கூட இருந்திருக்கு. மெஷின்ல ஏத்தி, சுத்த விட்டு, எங்க கனம்னு பாத்து, அங்க மட்டும் உலோகத்த வெட்டி எடுத்திருக்காங்க. அது குறை இல்ல, வைத்தியம். இப்ப நீங்க எதிர்ப்பக்கமும் அதே அளவு வெட்டிட்டீங்க. பழைய கனம் பழைய இடத்துக்கே வந்துடுச்சு.

— அதாவது, நான் இந்தப் பக்கம் வெட்டினதும், அந்தப் பக்கம் வெட்டினது வெட்டாத மாதிரி ஆயிடுச்சு.

— அதேதான். ஒருத்தர் பாடுபட்டுச் செஞ்ச வேலையத் தடயம் இல்லாமத் தொடச்சு எடுத்துட்டீங்க.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— என்னன்னு? ‘வீலுக்குக் கன்னக்குழி போடாதீங்க’ன்னா? உலகத்துல எந்தப் பொண்டாட்டியாவது காலைல கிளம்பறப்ப இதச் சொல்லிட்டுக் கிளம்புவாளா?

— உனக்கும் ஒரு கன்னத்துலதான் குழி.

— அதையும் பஃப்ல குடுத்துச் சரி பண்ணிடாதீங்க.

— சேச்சே, உன்னோடது அழகு. சரி, விடு. ஒரு யோசனை. ஈயத்தக் காய்ச்சி நான் போட்ட குழிய அடைச்சுட்டா?

— லட்சம் சுத்துல அந்த ஈயம் தோட்டாவா வெளிய வரும்.

— அப்போ நாலு பக்கமும் குழி போட்டுடலாம். நட்சத்திரம் மாதிரி.

— ஏங்க, நீங்க கொஞ்ச நேரம் யோசிக்காம இருக்கீங்களா?

— அந்தப் பழைய குழிய இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினா? அதுதானே நியாயம்?

— எவ்வளவு ஆழம்?

— கண்ணால பாத்து...

— கண்ணால பாத்துத்தானே இந்தக் கதிக்கு வந்து நிக்கறோம். புது வீலுன்னா கப்பல்ல வரணும். வேற வழியே இல்ல. பேலன்ஸிங் மெஷின்ல ஏத்திப் பாத்துத்தான் வெட்டணும்.

— ஏத்தேன்.

— ஊர்லயே ஒரே ஒரு மெஷின்தான் இருக்கு.

— எங்க?

— எங்கன்னு உங்களுக்கே தெரியும்.

— ஓ. அவர்கிட்டயா?

— அவர்கிட்டதான்.

— வந்துட்டாரு. எங்கடா இன்னும் காணோமேன்னு பாத்தேன். எந்தப் பேச்ச எடுத்தாலும் கடைசில உன் பழைய முதலாளி வாசல்லதான் போய் முட்டுது. காப்பி ஆறினா முதலாளி இப்படி ஆற விட மாட்டாரு. ஸ்பேனர் விழுந்தா முதலாளி கையிலருந்து விழாது. நம்ம கல்யாண ஃபோட்டோவுல கூட நடுவுல அவருதான் நிக்கறாரு, நான் ஓரத்துல.

— ஃபோட்டோக்காரர்தான் அவர மாப்பிள்ளைன்னு நினைச்சுட்டாரு, நான் என்ன பண்ணட்டும்? இங்க பாருங்க, நீங்க வெட்டினது யாரோட வெட்டுக்கு எதிர்லன்னு தெரியுமா? அது அவரோட கை. இந்த வண்டி டாக்டர்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு கான்ட்ராக்டர்கிட்ட இருந்துச்சு, அப்ப முதலாளிதான் பேலன்ஸ் பண்ணினாரு. குழிய விரலால தடவிப் பாருங்க. ஓரத்துல கூர் இருக்கா? வெண்ணெய்ல கரண்டி போட்ட மாதிரி இருக்கும். அவர் ஒருத்தராலதான் இப்படி வெட்ட முடியும். நான் வருஷக்கணக்கா அவர் கடையில இருந்தவ, எனக்குத் தெரியாதா?

— என்னோடதையும் தடவிப் பாரேன். அதுவும் வெண்ணெய்தான்.

— இப்ப அதுவா முக்கியம்?

— எனக்கு அதுதான் முக்கியம். சரி, அவர்கிட்டயே போய் ஏத்திட்டு வா. அதுல என்ன?

— மறந்துட்டீங்களா? நான் வெளிய வந்த அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவர் என்ன சொன்னாரு? ‘கூட்டக் கழட்டறது, மாட்டறது, பேரிங் போடறது, இதெல்லாம் யார் வேணா பண்ணலாம். வீலுன்னு வந்தா என்கிட்டதான் வரணும். ஒருநாள் கையில வீலோட என் வாசல்ல வந்து நிப்பே’ன்னாரு.

— நீ என்ன சொன்னே?

— வந்து நின்னா, ஆயுசு பூரா உங்க வாசலக் கூட்டறேன்னேன்.

— ஏம்மா, ஒரு நாள் ரெண்டு நாளுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?

— கோவத்துல யாராவது கணக்குப் பாத்துப் பேசுவாங்களா? அதுக்காகத்தானே இத்தனை நாளா வீல் பக்கமே போகாம, கூட்ட மாத்தறது, கூட்டோட வாயை அகலப்படுத்தறது, சூட்டுக்குப் பூச்சுப் போடறதுன்னு பொழப்ப ஓட்டறேன். டாக்டர் வண்டில கூட, ஊளைச் சத்தம் வருதுன்னு சொன்னாரு, வீலக் கழுவறதோட விட்டுட்டு பேரிங்க மட்டும் மாத்தினேன். ஒரு வாய்ச்சவடாலுக்காக எவ்வளவு சுத்தி வளைச்சுப் போயிருக்கேன் பாருங்க. கடைசில வீட்டுக்குள்ளயே ஆளு இருந்திருக்கு, என்னைய அங்க அனுப்பி வைக்க.

— டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாம மாட்டிக் குடுத்துட்டா?

— நாளைக்கு அவர் பல்லே அவருக்கு மிஞ்சாது.

— ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லிடலாம்.

— நாளைக்குத்தான் கிளப்பு. இப்ப வர்றேன்னு ஃபோன் பண்ணிட்டாரு அவரு.

— உள்ள வரலாமா? லேசாத் தட்டினேன், கேக்கல போல.

— வாங்க டாக்டர், வாங்க. உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, மெழுகு. ஏம்மா, டாக்டருக்கு அந்த நாற்காலியப் போடு.

— இருக்கட்டும் பாலிஷ்காரரே. நான் நிக்கறேன், நாள் பூரா நின்னே பழக்கம். மெக்கானிக்கம்மா, வேலை முடிஞ்சுதா? வீல்ல... வீல்ல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?

— வீலையா கேக்கறீங்க? முதல்ல கூட்டப் பாருங்க டாக்டர். அடுத்தது அப்புறம். இதோ, துணிய எடுக்கறேன். ஒண்ணு, ரெண்டு...

— அடடா.

— பாத்தீங்களா?

— அடடா, அடடா. இருங்க, வாயத் தொறந்து பாக்கறேன். என் கடைவாய்ப்பல்லுல இருக்கிற அடைப்பு வரைக்கும் தெரியுதே. கிளினிக்ல இருக்கிற கண்ணாடி கூட இவ்வளவு தெளிவாக் காட்டாது. பாலிஷ்காரரே, நீங்க பல்லுக்குப் பாலிஷ் போட வந்தா நான் கடையை மூடிட்டுப் போகணும்.

— அப்படிச் சொல்லுங்க டாக்டர். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க.

— டாக்டர், அவரு பேச்ச விடுங்க. நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வீல் கெட்டுப் போச்சு.

— என்னது? கண்டுபிடிச்சிட்டீங்களா?

— கண்டுபிடிக்கறதுக்கு என்ன இருக்கு, கண் முன்னாடி நிக்குதே. நட்டுக்குப் பக்கத்துல பேலன்ஸுக்காக ஒரு வெட்டு இருந்துச்சு. என் வீட்டுக்காரரு அழகுக்காக எதிர்ப்பக்கமும் ஒண்ணு வெட்டிட்டாரு. தப்பு எங்க மேலதான். நாளைக்கு இத மாட்டி ஓட்டக் கூடாது.

— நட்டுக்குப் பக்கத்துலயா?

— ஆமா.

— வழவழன்னு, ஒரு சின்னக் குழியா?

— ஆமாங்க டாக்டர், நீங்களும் பாத்திருக்கீங்களா?

— இல்ல... ஆமா... அதாவது, லேசா. மெக்கானிக்கம்மா, அது அவ்வளவு பெரிய விஷயமா?

— பெரிய விஷயமாவா? அது ஒரு பெரிய கையோட வேலைங்க. இந்த ஊர்ல அப்படி வெட்ட ஒருத்தராலதான் முடியும்.

— அப்படியா? அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?

— டாக்டர், நீங்க ஏன் வெக்கப்படறீங்க?

— இல்லையே. வேர்க்குது. இங்க புழுக்கமா இருக்கு.

— ஏங்க, அந்த ஃபேனப் போடுங்க. டாக்டர், நீங்க உக்காருங்க. நான் உங்க கண் முன்னாடியே ஃபோன் பண்றேன். யாருக்குப் பண்ண மாட்டேன்னு இத்தனை நாளா இருந்தேனோ அவருக்கே பண்றேன். உங்க வண்டி நாளைக்கு ஓடணும், அவ்வளவுதான்.

— வேண்டாம்மா, எதுக்கும்மா, நான் நாளைக்கு பஸ்ல போயிக்கறேன்.

— கார் கிளப்புக்கு பஸ்லயா? உக்காருங்க... அடிக்குது... ஏங்க, விளக்குமாறு எங்க இருக்கு?

— எதுக்கு?

— எடுத்து வெச்சுக்கத்தான், நாளையிலருந்து வேணுமே... ஐயா, வணக்கம். நான்தான்... ஆமா, நானேதான்... இல்லைங்கய்யா, கை தவறிப் பண்ணல, உங்களுக்குத்தான் பண்ணினேன். நல்லாயிருக்கீங்களா? வீட்ல எல்லாரும் நல்லாயிருக்காங்களா? மெஷின் நல்லாயிருக்கா?

— மெஷின எதுக்கு நலம் விசாரிக்கிறே?

— அவருக்கு அதுதான் மூத்த புள்ளை. பேசாம இருங்க... உங்களச் சொல்லலைங்கய்யா... ஐயா, ஒரு வீலு விஷயமா...

— என்ன சொல்றாரு?

— சிரிக்கிறாரு.

— சிரிக்கட்டும். அப்புறம்?

— இன்னும் முடியல. கடையில எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டுச் சிரிக்கிறாரு... பரவாயில்லைங்கய்யா, நிதானமாச் சிரிச்சு முடிங்க, நான் லைன்லயே இருக்கேன்... ஆமாங்கய்யா, வாசல் அகலம் ஞாபகம் இருக்கு... சரிங்கய்யா. அந்தச் சிவப்பு வண்டி, கான்ட்ராக்டர்கிட்ட இருந்துச்சே, நீங்கதான் வீலு பேலன்ஸ் பண்ணீங்க... அதேதான். அதுல நட்டுப் பக்கத்துல நீங்க ஒரு வெட்டு வெட்டியிருந்தீங்க... இல்லைங்கய்யா, நட்டுப் பக்கத்துலதான்... எனக்குத் தெரியாதுங்களா, வெண்ணெய் மாதிரி இருக்கே, உங்க கையேதான்... அப்படியா?... ஏங்க, வீலத் திருப்புங்க.

— எதுக்கு?

— முதுகுப் பக்கம் பாக்கச் சொல்றாரு. நட்டுப் பக்கம் வாழ்க்கையிலயே வெட்டினது இல்லையாம். வெட்டினா முதுகுலதான் வெட்டுவாராம்.

— இரு, இரு. வெளிச்சத்துல காட்டறேன். ஆமா, இருக்கு. முதுகுல ஒண்ணு இருக்கு.

— எப்படி இருக்கு?

— சொரசொரன்னு. அரத்த வெச்சு வறட்டு வறட்டுன்னு இழுத்த மாதிரி.

— இருக்காதே. குடுங்க இப்படி.

— தொட்டுப் பாரு. இதுதான் உங்க முதலாளியோட வெண்ணெய். நான் ஒரு கரண்டி எடுத்து நக்கிக்கட்டுமா?

— ஐயா... இருக்குங்கய்யா. முதுகுல இருக்கு... ஆமா, கொஞ்சம்... கொஞ்சம் மொரடாத்தான் இருக்கு... நீங்க கோவிச்சுக்கக் கூடாது... சரிங்கய்யா, அப்போ நட்டுப் பக்கம் இருக்கறது யாரோட வெட்டு?... ஐயா, ஒரு நிமிஷம் இருங்க. டாக்டர், எங்க எழுந்துட்டீங்க?

— கிளினிக்ல ஒரு பேஷண்ட் காத்துக்கிட்டிருக்காரு. லேசாப் போயிட்டு வந்துடறேன்.

— டாக்டர், கொஞ்சம் உக்காருங்க. தலையப் பின்னால சாச்சுக்கோங்க. பயப்படாதீங்க, வலிக்காது. இப்ப நல்லா வாயத் தொறங்க.

— பாலிஷ்காரரே, அது என் வசனம்.

— தெரியும். தொறங்க.

— நான்தான் வெட்டினேன்.

— டாக்டர்?

— மெக்கானிக்கம்மா, என்ன அப்படிப் பாக்காதீங்க. கிளினிக் பின்னாடி வண்டிய நிறுத்தி, காத்துக் குழாயைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டிருந்தேன். உள்ள எட்டிப் பாத்தா, நட்டுக்குப் பக்கத்துல ஒரு கரும்புள்ளி. சொத்தை மாதிரியே இருந்துச்சும்மா. சொத்தையப் பாத்துட்டு ஒரு பல் டாக்டர் எப்படிச் சும்மா போவான்? கைல டிரில் இருந்துச்சு. லேசாத்தான் வெச்சேன். புள்ளி போகப் போக குழியாயிடுச்சு. அப்புறம் ஓரத்தையெல்லாம் வழவழன்னு ஆக்கினேன், நாக்குல படற எடம் மாதிரி.

— வீலுக்கு ஏது டாக்டர் நாக்கு?

— பழக்கம்மா. எனக்கும் எதிர்ப்பக்கம் தேய்க்கணும்னு தோணுச்சு. எங்க தொழில்ல ஒரு பக்கம் தேய்ச்சா மறுபக்கம் பாக்காம அனுப்ப மாட்டோம். அதுக்குள்ள ஒருத்தர் வந்து வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்துட்டாரு. அவரு முடிஞ்சு அடுத்தவரு, அடுத்தவரு முடிஞ்சு அடுத்தவரு, குழாயை மாட்டிட்டேன். அதுக்கப்புறந்தான் வண்டி ஊளையிட ஆரம்பிச்சுது. பயந்துபோய் உங்ககிட்ட கொண்டு வந்தேன். வெக்கமா இருந்துச்சு, சொல்லல.

— அப்போ அந்த ஊளை...

— நான் போட்ட ஊளைதான்.

— ஏம்மா, கணக்க எனக்குச் சொல்லு. நான் படிக்காதவன், மெதுவாச் சொல்லு.

— முதலாளி கையிலருந்து வந்தப்ப வீலு சரியா இருந்திருக்கு.

— ம்.

— டாக்டர் ஒரு பக்கம் வெட்டிக் கெடுத்துட்டாரு.

— ம். அப்புறம் ஒருத்தரு வந்தாரே, எதிர்ப்பக்கம் அதே அளவு வெட்டி, என்ன பண்ணினாரு?

— ...

— டாக்டர், இவளுக்கும் கொஞ்சம் வாயத் தொறக்கச் சொல்லுங்க.

— சரி பண்ணியிருக்காரு. தெரியாம.

— அந்தக் கடைசி வார்த்தைய எடுத்துட்டு இன்னொரு தடவை சொல்லு.

— காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைங்க இது. ரொம்ப ஆட வேண்டாம். சரி பண்ணியிருக்கீங்களான்னு முதல்ல பாக்கலாம். அந்த ரெண்டு ஸ்டீல் ஸ்கேலையும் எடுங்க. இறுக்கிப் பிடிக்கிற வைஸ்ல நிறுத்தி வைங்க, கத்தி மாதிரி, ரெண்டும் ஒரே மட்டத்துல. ஷாஃப்ட்டோட தூக்கி அது மேல வைங்க. மெதுவா. கனமான பக்கம் இருந்தா அது தானா உருண்டு கீழ வந்து நிக்கும்.

— உருளலையே.

— திருப்பி வைங்க. டாக்டர் வெட்டின பக்கம் மேல வர்ற மாதிரி.

— நிக்குது.

— கீழ வர்ற மாதிரி?

— நிக்குது. சொன்ன பேச்சு கேக்குது பாரு, உன்ன மாதிரி இல்ல.

— பக்கவாட்டுல?

— மெக்கானிக்கம்மா, எனக்கே பாத்தாத் தெரியுது. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.

— ஃபேன நிறுத்துங்க. காத்துல நிக்குதோ என்னவோ... இல்ல. நிக்குது. ஏங்க, நிஜமாவே நிக்குதுங்க. கண்ணால மட்டுமா பாத்தீங்க? வேற எதையும் வெச்சு அளக்கலையா?

— எதுக்கு அளக்கணும்? அந்தக் குழியப் பாத்தேன், இந்தக் குழியப் போட்டேன். உன் முகத்துல பொட்டு ஒரு நூல் நகந்தாலே வாசல்லருந்து சொல்றவன் நான்.

— சொல்லுவீங்க. எரிச்சலா இருக்கும்.

— இனிமே இருக்காது.

— இருக்காது. தப்புதான். உங்க கையப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ஊர்ல இருக்கிற அரத்தையெல்லாம் வெண்ணெய்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

— டாக்டர், கேட்டீங்களா? நீங்க சாட்சி. ஏம்மா, அங்க பாரு, மேஜை மேல உன் ஃபோன்ல லைட்டு இன்னும் எரியுது.

— ஐயய்யோ. முதலாளி லைன்ல இருக்காரு... ஐயா, இருக்கீங்களா?... எல்லாம் கேட்டுச்சா?... அரம்னு சொன்னதுமா?... மன்னிச்சுக்கோங்கய்யா... ஆமாங்கய்யா, எந்தப் பக்கம் வெச்சாலும் நிக்குது... ஆமா, ஸ்கேல் மேல வெச்சுத்தான், உங்க மெஷின் அளவுக்கு வராதுதான்... ம்... ம்... அப்படியாங்கய்யா?... சரிங்கய்யா, சொல்றேன்.

— வெச்சிட்டாரா? என்ன சொல்றாரு?

— கையில வீலோட வாசல்ல வந்து நிக்கணுமாம். மெஷின்ல ஒரு தடவை ஏத்திப் பாத்துக் குடுக்கறாராம்.

— அதான் வீலு நிக்குதே, இனிமே அவரு வாசல்ல நீ எதுக்கு நிக்கணும்? வர மாட்டேன்னு சொல்லு.

— என்னையக் கூப்பிடலைங்க. கண்ணாலயே அளந்து எதிர்வெட்டு வெட்டினவர அனுப்பி வையின்னாரு. வீலத் திருப்பி அனுப்பிடுவாராம், உங்கள அனுப்ப மாட்டாராம்.